கேட்கிற பெட்டி

கீழ்வேளூர் தியாகேசனுக்கு மெல்லப் பேச வராது. முப்பது வருஷமாக மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக்கூட்டம் எதுவானாலும் ‘தியாகேசன் சவுண்ட் சர்வீஸ்’ வந்து ஸ்பீக்கர் குழாய் கட்டினால்தான் களை கட்டும். சத்தம் போதவில்லையா, கூட்டு. அப்போதும் போதவில்லையா, இன்னொரு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து வை. அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். அந்த வித்தையில்தான் மாடி வீடு கட்டினார், ஒற்றை மகளை விமானம் ஓட்டப் படிக்க வைத்தார்.

மகள் பெயர் இசைவாணி. மைக்செட்காரர் வேறென்ன பெயர் வைப்பார்.

போன வருஷம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு அவள் விடுப்பில் வந்திருந்தாள். மேடையில் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போன தியாகேசன், பார்த்த கையோடு ஒரு சேதியும் சொன்னார். தன் மகளுக்கும் தன் அக்காள் மகனுக்கும் வருகிற தையில் கல்யாணம், ஊரே வந்து வாழ்த்த வேண்டும் என்றார். தெருக்கோடிக் குழாய் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதுவரை மகளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இசைவாணி எழுந்தாள்.

“எங்கிட்ட யாரும் கேட்கல. எனக்கு இது வேண்டாம்,” என்றாள். மைக் இல்லாமல் சொன்னதுதான். ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்து தியாகேசன் சொன்னது ஒரே வாக்கியம். “இனிமே இந்த வீட்டுல உன் குரல் கேட்கக் கூடாது.”

அவள் மறுநாள் காலை பஸ்ஸில் போனாள். போன பிறகும் கொஞ்ச காலம் அப்பாவுக்குப் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் எடுக்கவில்லை. பிறகு அவளும் நிறுத்திக்கொண்டு அம்மாவுக்கு மட்டும் அடித்தாள். அவள் ஓட்டும் விமானம் ஒவ்வொரு தடவை இறங்கியதும் அம்மா கோமளாவின் போன் அடிக்கும்.

கோமளா கெட்டிக்காரி. மகள் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது உத்தரவு. சரி, புருஷனிடம் எடுக்கவில்லை, குக்கரிடம் எடுத்தாள். “இன்னைக்கு சிங்கப்பூர்லேருந்து திருச்சிக்கு வராளாம்,” என்பாள் அடுப்பைப் பார்த்து. கூடத்தில் பேப்பர் படிக்கிற தியாகேசன் அதற்கப்புறம் பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் அந்த விமானம் கடலைத் தாண்டிக் கீழ்வேளூர் மேலேதான் போகும். அதுவும் அடுப்பங்கரையில் காதில் விழுந்ததுதான். அவருக்குக் கோபம் தணிந்து நாளாகியிருந்தது. வீறாப்புதான் இறங்கவில்லை. மகளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, போனில் கூப்பிடவும் மனம் வரவில்லை.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர் சொன்னார். விமானம் எல்லாம் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் வானத்தில் சொல்லிக்கொண்டே போகுமாம். சிறு பெட்டி ஒன்றும் முழ நீளக் குச்சி ஆன்டெனாவும் இருந்தால் வீட்டிலிருந்தே கேட்டு, கம்ப்யூட்டர் திரையில் புள்ளியாகப் பார்க்கலாமாம். நாகூரில் ஒரு குரு இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

தியாகேசன் தாடியை எதிர்பார்த்துப் போனார். கதவைத் திறந்தது ரஹ்மத் நிஷா என்ற பெண்மணி, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அனுமதி வாங்கி மாடியில் ரேடியோ வைத்து, எந்தெந்தத் தேசத்தோடோ பேசுகிறவர். ஒரு புயலில் மின்சாரமும் போனும் சேர்ந்து படுத்துவிட்டபோது அந்த மாடியிலிருந்துதான் ஊர்ச்சேதி வெளியே போனது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்து ரேடியோப் பைத்தியங்களுக்கெல்லாம் அவர் குரு. தியாகேசன் ‘குருவம்மா’ என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாம் சந்திப்பிலேயே கிண்டல் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

குரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். தியாகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல நாம பேசறது எந்தப் பக்கம்?”

“பேச முடியாதுண்ணே. இது கேட்கிற பெட்டி.”

“கேட்க மட்டும் ஒரு பெட்டியா?”

“ஆமா.”

“நான் பார்த்ததே இல்லையே.”

“பார்த்திருக்க மாட்டீங்க,” என்றார் குரு.

“எவ்வளவு தூரம் வரைக்கும் எடுக்கும்?”

“வானம் மறைக்காம இருந்தா, கடலுக்கு மேல முந்நூறு கிலோமீட்டருக்கும் கூட. எந்த விமானத்தைத் தேடறீங்க?”

“சும்மா. பொழுதுபோக்கு.”

குரு அதற்குமேல் கேட்கவில்லை.

தியாகேசன் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டார். கரைக்குப் பக்கத்தில் வந்தபின் பிடித்தால் மகள் வீட்டுக்கு மேலே வர மூன்று நிமிஷம். நடுக்கடலிலேயே பிடித்துவிட்டால் இருபது நிமிஷத்துக்குமேல் அவள் தன்னை நோக்கி வந்துகொண்டிருப்பாள். தூரம் கூடினால் நிமிஷம் கூடும். அவருக்கு வேண்டியிருந்தது அந்த நிமிஷங்கள்தான்.

பெட்டியைக் கட்டிப் பார்த்தார். ஐம்பது கிலோமீட்டர் கூடத் தேறவில்லை. பூஸ்டர் ஒன்று வாங்கிப் போட்டார். தூரம் கொஞ்சம் குறைந்தது. இன்னொன்று போட்டார். இன்னும் குறைந்தது. மறுபடி நாகூருக்குப் போனார்.

“பெட்டியில ஏதோ கோளாறு, குருவம்மா. எடுக்க மாட்டேங்குது.”

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வோம். டவர் எடுக்கவில்லை, டி.வி. எடுக்கவில்லை, போன் எடுக்கவில்லை.

“எடுக்கறதுக்கு அங்க என்னண்ணே இருக்கு? அது குடுத்துக்கிட்டேதானே போகுது,” என்றார் குரு. “நொடிக்கு நொடி, எம்பேரு இது, நான் இங்க இருக்கேன்னு சொல்லிக்கிட்டேதான் போகுது. கேட்க ஆள் இருக்கா இல்லையான்னு பார்க்கிறதில்ல.”

தியாகேசனுக்குத் தன் சட்டைப்பையில் அடித்து அடித்து ஓய்ந்த போன் ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு, “எனக்கு ஒண்ணும் கேட்கலையே,” என்றார்.

“என்ன செஞ்சீங்க?”

“பூஸ்டர் போட்டேன். பத்தல. அதுக்கு மேல இன்னொண்ணு போட்டேன். அளவையும் முழுசாத் திறந்து வச்சிருக்கேன். இதுக்கு மேல கூட்ட இடமில்ல.”

“வீட்டுக்குப் பக்கத்துல செல்போன் டவர் இருக்கா?”

“எதிர்வீட்டு மாடியிலேயே இருக்கு.”

குரு எழுந்து வாசலுக்கு வந்தார். தியாகேசனும் பின்னாலேயே வந்தார். தெருவில் ஓர் ஆட்டோ, தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு, ஜவுளித் தள்ளுபடியைக் கூவிக்கொண்டு வந்தது. அது நேராக வாசலுக்கு எதிரே வந்து நின்றபோது குரு ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது.

“என்ன?” என்றார் தியாகேசன்.

குரு மறுபடி சொன்னார்.

“என்னம்மா? கேட்கல!”

ஆட்டோ கிளம்பி, தெருத் திரும்பி, தேய்ந்து மறைந்தது.

“கடல் சத்தம் கேட்குதான்னு கேட்டேன்,” என்றார் குரு.

தியாகேசன் காது கொடுத்தார். வீடுகளுக்குப் பின்னால் அலை புரண்டுகொண்டிருந்தது.

“இப்ப கேட்குது.”

“கடல் சத்தத்தை யாராவது கூட்டி வச்சாங்களா?”

தியாகேசன் ஆட்டோ போன திசையைப் பார்த்தார்.

“அந்த ஆட்டோ செட்டு யாருதுண்ணே?”

“நம்மளுதுதான்,” என்றார் தியாகேசன், சின்னக் குரலில்.

வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டு டவரின் இரைச்சலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்த இரண்டு பூஸ்டரையும் கழற்றினார். அளவைக் குறைத்தார். குறைக்கக் கை வரவில்லை, பாவம். முப்பது வருஷப் பழக்கம். ஒவ்வொரு கோடாகக் கீழே இறக்கினார். இறக்க இறக்கத் திரையில் புள்ளிகள் முளைத்தன. திருச்சிப் பக்கம், மதுரைப் பக்கம், பாண்டிச்சேரிக்கு அந்தப் பக்கம் என்று விமானங்கள் ஊர்ந்தன. அன்று அவர் சாப்பிட மறந்தார்.

ஆனால் கிழக்கே, கடல் பக்கம், ஒரு புள்ளியும் இல்லை. கோமளா குக்கரிடம் சொன்ன நேரத்துக்குச் சரியாக மகளின் விமானம் தலைக்குமேல் போய், மேற்கே வெகுதூரம் கடந்த பிறகுதான் திரையில் வந்தது. தன்னை நோக்கி வருகிறவளைக் காணோம். தன்னை விட்டுப் போகிறவளைத்தான் பார்க்க முடிந்தது. அது அவருக்கு மிகவும் வலித்தது.

இந்த முறை குருவை வீட்டுக்கே அழைத்தார். குரு வந்து, கோமளா கொடுத்த டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

மாடியின் கிழக்குக் கைப்பிடிச் சுவரில், சாலையைப் பார்த்து, ஆளுயரத் தகரப் பலகை நின்றது. அதன் முதுகில், இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் குச்சி ஆன்டெனா கட்டியிருந்தது.

“இத ஏண்ணே இங்க கட்டியிருக்கீங்க?”

“ரோட்டுல போறவன் வர்றவன் கண்ணு படும் குருவம்மா. வாங்கின அன்னைக்கே பால்காரன், என்னங்க புதுசா ஏதோ நிக்குதுன்னான். அன்னைக்கு ராத்திரியே மழை வந்து கம்பிக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு. அதான் மறைச்சுக் கட்டிட்டேன்.”

குரு சிரிக்கவில்லை. துணி துவைக்கிற முக்காலியை இழுத்து ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் போட்டார்.

“ஒக்காருங்க.”

தியாகேசன் உட்கார்ந்தார். அவர் தலை குச்சியின் உயரத்துக்கு வந்தது.

“கடல் பக்கம் பாருங்க.”

தியாகேசன் கிழக்கே பார்த்தார். மூக்குக்கு முன்னால் துருப்பிடித்த தகரம்.

“என்ன தெரியுது?”

“போர்டு.”

“யார் போர்டு?”

“எம் போர்டு.”

குரு மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினார். படியில் கோமளா டம்ளரை வாங்கிக்கொண்டே, “அவரு வாயத் திறந்து சொல்ல மாட்டாரு. எம்பொண்ணு ஓட்டுற பிளேனைத்தான் தேடுறாரு,” என்றாள். குரு தலையாட்டினார். மேலே இருந்தவருக்கு இது காதில் விழுந்தது. விழாததுபோல் உட்கார்ந்திருந்தார்.

பலகையை எடுப்பதா? ‘தியாகேசன்’ என்று ஆரம்பித்து வரிசையாகச் சிவப்பு எழுத்து, நாலு பக்கமும் குழாய் படம். முதல் சம்பாத்தியத்தில் எழுதி மாட்டியது. பஸ் டிரைவர்கள் அதைப் பார்த்துத்தான் நிறுத்தத்தை அடையாளம் வைத்திருந்தார்கள். எடுப்பதற்குப் பதில் ஆன்டெனாவை உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்தார். மைக்செட் கம்பம் மூன்றை ஒன்றோடொன்று செருகி, பனைமரத்துக்குப் போட்டியாக நிறுத்தி, உச்சியில் குச்சியைக் கட்டினார். பெட்டி கீழே கூடத்தில் இருந்தது. அங்கே வரை இறங்கக் கம்பி போதவில்லை. பழைய கேபிள் டி.வி. கம்பியை ஒட்டுப்போட்டு, வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்.

பிறகு குருவுக்குப் போன் செய்தார்.

“உசத்திட்டேன், குருவம்மா. இருந்ததும் போச்சு.”

“கம்பி எவ்வளவு நீளம்?”

“அது இருக்கும் ஒரு முப்பது மீட்டர். ஒட்டு நாலு.”

“அண்ணே, ஒண்ணு கேட்கலாமா?” என்றார் குரு.

“கேளுங்க.”

“உங்க பொண்ணு சேதி உங்களுக்கு எப்படி வருது?”

“கோமளா சொல்லும்,” என்றார் தியாகேசன்.

“உங்ககிட்டயா?”

“இல்ல. குக்கர்கிட்ட.”

“பொண்ணு அம்மாகிட்ட சொல்லுது. அம்மா குக்கர்கிட்ட சொல்றாங்க. குக்கர்லேருந்து நீங்க கேட்டுக்கறீங்க.”

“ஆமா.”

“பொண்ணு சொன்னதுல எவ்வளவுண்ணே வந்து சேருது?”

தியாகேசன் யோசித்தார். எத்தனை மணிக்கு வருகிறாள் என்பது வந்து சேர்ந்தது. சாப்பிட்டாளா, இளைத்திருக்கிறாளா, அப்பா எப்படி இருக்கிறார் என்று என்றைக்காவது கேட்டாளா, அதெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டது. குக்கர் விசில் அடித்த நேரத்தில் எத்தனை வார்த்தை போயிற்றோ.

“தேஞ்சுதான் வருது,” என்றார்.

“பெட்டியைக் கொண்டுபோய் ஆன்டெனாவுக்குக் கீழேயே வைங்க,” என்று சொல்லிவிட்டு குரு போனை வைத்தார்.

மூன்று கம்பத்து உச்சிக்குக் கீழே பெட்டியை எங்கே வைப்பது? ஆன்டெனா தாழ இறங்க வேண்டும். ஆன்டெனா இறங்கினால் எதிரே பலகை. தியாகேசன் அன்று முழுக்க மாடிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம் அடுப்பங்கரையிலிருந்து கோமளாவின் குரல் வந்தது.

“ஞாயித்துக்கிழமைதான் கடைசியாம். அடுத்த மாசத்துலேருந்து வேற ஊர், வேற வழியாம். இந்தப் பக்கம் இனிமே வரமாட்டாளாம்.”

குக்கர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரும் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் தியாகேசன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். துருப்பிடித்த நட்டு ஒவ்வொன்றும் அழுதுகொண்டுதான் கழன்றது. ஆளைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. தகரத்தைத் தானே இறக்கி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி சாய்த்து வைத்தார். நிமிர்ந்தபோது, வயலும் தென்னையும் தாண்டி, வானம் தரையைத் தொடுகிற கோடுவரைக்கும் ஒன்றும் மறைக்கவில்லை. இந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

குச்சியை ஒற்றைக் கம்பத்தில் கட்டி, அதன் காலடியில் பெட்டியை வைத்து, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தார். இரண்டு முழக் கம்பிதான் செலவானது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் குரு வந்தார். தியாகேசன் மாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் கம்ப்யூட்டரை வைத்து, முக்காலியில் உட்கார்ந்திருந்தார். குருவைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திரையின் கிழக்கு ஓரத்தில், நீலம் மட்டுமே இருந்த இடத்தில், ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் அந்த விமானத்தின் எண்.

“எடுக்குது,” என்றார் தியாகேசன். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி குரு கேட்டதில்லை.

“எவ்வளவு தூரம்?”

“முந்நூத்தி இருபது.”

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளி நகர்ந்தது. முந்நூறு. இருநூற்றைம்பது. தியாகேசன் இமைக்கவில்லை. அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்தன, எண்ணையா பெயரையா தெரியவில்லை. கோமளா ஈரத்துணி வாளியோடு மேலே வந்து, கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட ஆரம்பித்தாள். அவர் திரும்பவில்லை. நூறு. ஐம்பது. புள்ளி கரையைத் தொட்டது, நாகப்பட்டினத்தைத் தாண்டியது, கீழ்வேளூரை நெருங்கியது.

அப்புறம் காணவில்லை.

தியாகேசன் திரையைத் தட்டினார். கம்பியைத் தொட்டுப் பார்த்தார். வாளியைத் தூக்கிப் பெட்டியின் விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

“போயிடுச்சு, குருவம்மா. அவ்வளவு தூரத்துலேருந்து எடுத்துச்சு. கிட்ட வந்ததும் போயிடுச்சு.”

“இந்தக் குச்சிக்கு நேர் மேல காது கிடையாதுண்ணே. சுத்திவர எவ்வளவு தூரத்துல இருந்தாலும் கேட்கும். தலைக்கு மேல வந்து நின்னா கேட்காது.”

“அதுக்கு என்ன பண்றது? வேற ஆன்டெனா இருக்கா?”

குரு அண்ணாந்து பார்த்தார்.

தியாகேசனும் பார்த்தார். கொடியின் அந்தப் பக்கம் கோமளாவும், உதறாத புடவை கையில் இருக்க, முகத்தை மேலே தூக்கி நின்றாள். நீல வானத்தில் வெள்ளையாக, சின்னதாக, விமானம் போய்க்கொண்டிருந்தது. சத்தம் பின்னால் மெல்ல வந்தது.

அது தென்னைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்,” என்றாள் கோமளா. குக்கர் கீழே இருந்தது. அவள் புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். “அவ வர்ற நேரத்துக்குத்தான் துணியை மேல கொண்டாருவேன்.”

“எங்கிட்ட சொல்லலையே.”

“நீங்க பொட்டியப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

கீழே இறங்கினார்கள். கோமளா குருவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்து, சாம்பாரைத் தாளித்தாள். தியாகேசன் கூடத்தில் உட்கார்ந்தார். பேப்பர் பக்கத்தில் கிடந்தது, தொடவில்லை. இனி இந்த வானத்தில் அவள் வரமாட்டாள். எத்தனை விமானம் எடுத்து என்ன, எவ்வளவு தூரம் எடுத்து என்ன என்று இருந்தது அவருக்கு. இலை போட்டதையும் கவனிக்கவில்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது கோமளாவின் போன் அடித்தது. திருச்சியில் இறங்கியதும் அடிக்கிற போன். அலமாரித் தட்டில், தியாகேசனின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. திரையில் மகளின் முகம், தொப்பி போட்ட படம்.

கோமளா பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள். ஆனால் எழுந்து வரவில்லை. அவரைப் பார்த்தாள்.

தியாகேசன் இடது கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். குருவின் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“எடுத்து நான் என்ன பேசறது, குருவம்மா? எனக்குக் கத்தத்தானே தெரியும்.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“உங்க பெட்டி பேசுமாண்ணே?” என்றார் குரு.

“பேசாது.”

“கேட்கும்ல?”

“கேட்கும்.”

“அப்ப எடுங்க.”